பெர்லின் எர்ன்ஸ்ட் ராய்ட்டர் டூர்: காசுக்கு மோசமில்ல, ஆனா ஒரு ஸ்டாப் குறையுது

பெர்லின்ல டூர்னு தேடினா முக்கால்வாசி சுவரு, ஹிட்லர் பங்கர், இல்லன்னா பீர், இது மூணும் தான் வரும். இது அந்த வகை இல்ல. ஒரே ஒரு மேயரப் பத்தி, அதுவும் முழு நாள். சின்ன கம்பெனி, பத்து பேருக்கு மேல சேக்கறதில்ல, ஆளுக்கு 45 யூரோ, பஸ் ரயில் டிக்கெட் நம்மளே எடுத்துக்கணும், சாப்பாடும் நம்ம செலவு தான். இங்கிலீஷ்ல நடத்துறாங்க. நம்ம ஊரு வாட்ஸப் குரூப்ல இத யாராவது ட்ரை பண்ணீங்களான்னு கேட்டப்போ ஒருத்தரும் போனதில்லன்னு சொன்னாங்க, அதான் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

யாரு இந்த ராய்ட்டர்னு கேக்குறவங்களுக்கு முதல்ல சுருக்கமா. நியூஸ் ஏஜென்சி ராய்ட்டர்ஸ் இல்ல, அதுக்கும் இவருக்கும் சம்பந்தமே கிடையாது. எர்ன்ஸ்ட் ராய்ட்டர், 1889ல பொறந்தவரு, சோஷியல் டெமாக்ரட் கட்சி. 1926ல பெர்லின் மாநகராட்சில போக்குவரத்துக்குப் பொறுப்பா இருந்தவரு, 1931ல மாக்டபுர்க் ஊருக்கு மேயர் ஆனாரு. 1933ல நாஜிங்க பதவியப் புடுங்கி லிஷ்டன்புர்க் சித்திரவதை முகாம்ல போட்டாங்க, விட்டாங்க, மறுபடி புடிச்சாங்க, மறுபடி விட்டாங்க, அதுக்கப்புறம் 1935ல நாட்ட விட்டே கெளம்பி இங்கிலாந்து போயி அங்கிருந்து துருக்கி அங்காரா. 1946 கடைசி வரைக்கும் அங்க தான். திரும்பி வந்து மேற்கு பெர்லினுக்கு மேயராகி (போருக்கப்புறம் ஊரோட மேற்குப் பாதி அமெரிக்கா, பிரிட்டன், ஃபிரான்ஸ் கையில, கிழக்குப் பாதியும் ஊரச் சுத்தி இருந்த கிழக்கு ஜெர்மனியும் ரஷ்யா கையில), ரஷ்யாக்காரன் ஊரச் சுத்தி வழிய அடச்சப்போ ஊர புடிச்சு நிறுத்தினவரு. 1953 செப்டம்பர் 29ல ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு. அன்னிக்கு ராத்திரி ஜனங்க அவங்கவங்க வீட்டு ஜன்னல்ல மெழுகுவத்தி ஏத்தி வெச்சாங்களாம், யாரும் சொல்லாமலேயே.

எங்க கைடு ஒரு பொண்ணு, துருக்கி வம்சாவளி, தாத்தா காலத்துல ஃபேக்டரி வேலைக்கு வந்த குடும்பம். இந்த டூருக்கு இவங்கள விட பொருத்தமான ஆளு கெடைக்காது, ஏன்னு கீழ சொல்றேன். என் கூட வந்தது எங்க பில்டிங்ல மேல் மாடில இருக்குற யாழ்ப்பாணத்து அண்ணா, அறுபது தாண்டிட்டாரு, 85ல இங்க வந்தவரு. சும்மா ஒரு நாள் வெளிய போலாம் வாங்கண்ணான்னு தான் கூப்டேன், ஆனா இந்த ரிவ்யூல பாதி அவரால தான் வந்துச்சு.

மொத ஸ்டாப் எர்ன்ஸ்ட் ராய்ட்டர் பிளாட்ஸ், யூ2 லைன்ல எறங்கினா மேலயே. பெரிய ரவுண்டானா, நடுவுல ஃபவுண்டன், சுத்தி ஐம்பது அறுபதுகள்ல கட்டின கட்டடங்க. செலையப் பாத்து நில்லுங்கன்னு ஆரம்பிப்பாங்கன்னு நெனச்சேன், அந்தம்மா பைலருந்து இன்னிக்கு எடுத்த பஸ் டிக்கெட்ட எடுத்து காட்டினாங்க. சூப்பர் ஆரம்பம். ஏன்னா இந்த ஊரு பிவிஜி இருக்கே, மஞ்ச பஸ், டிராம், மெட்ரோ எல்லாம், அத ஒண்ணா சேத்தது இந்த ஆளு. அதுக்கு முன்னாடி பஸ்ஸுக்கு ஒரு கம்பெனி, டிராமுக்கு ஒரு கம்பெனி, மெட்ரோவுக்கு ஒரு கம்பெனி, ஒண்ணுலருந்து இன்னொண்ணு மாறினா மறுபடி காசு. 1927ல 20 ஃபெனிக் குடுத்தா மாறி மாறி போலாம்னு ஒரே டிக்கெட் கொண்டாந்தாங்க, 1929 ஜனவரிலருந்து எல்லாம் ஒரே கம்பெனி. கூலிக்காரன் ஊருக்கு வெளிய குடியிருந்தாலும் வேலைக்கு போக முடியணும்ல, அதான் கணக்கு. இப்ப பிவிஜி லேட்டா வர்றதுக்கு அவரத் திட்ட முடியாது, அது வேற கேஸு.

இந்த இடத்துல தான் எனக்கு அந்த ஆளப் புடிச்சுப் போச்சு. ஜனநாயகம் ஜனநாயகம்னு மேடைல பேசுறவன ஆயிரம் பேர பாத்தாச்சு. டிக்கெட் வெல, தண்ணி, வீடு, கரின்னு கைய அழுக்காக்கிக்கிட்டு வந்தவன் பேசுனா அது வேற மாதிரி கேக்குது. இந்த டூர் எங்கெல்லாம் அந்த மாநகராட்சிக்காரர காட்டுதோ அங்க பிரமாதம், எங்கெல்லாம் அவர செலையா ஆக்குதோ அங்க கொட்டாவி.

அடுத்து ஒரு பெஞ்சுல உக்கார வெச்சு அங்காரா கதை. இந்த டூரோட பெஸ்ட் பார்ட் இதுதான், இத்தனைக்கும் பாக்க ஒண்ணுமே கெடையாது, வெறும் பேச்சு, ரெண்டு மூணு ஃபோட்டோ. நாப்பத்தஞ்சு வயசுல, பொண்டாட்டி சின்னப் பையனோட, தெரியாத ஊரு. துருக்கி அரசாங்கத்துக்கு மொதல்ல போக்குவரத்துக் கட்டணம் பத்தி ஆலோசகர் வேலை, அப்புறம் 1938லருந்து அங்காராவுல அரசியல் படிப்பு காலேஜ்ல நகரத் திட்டமிடல் வாத்தியார். துருக்கி பாஷைய சட்டுனு கத்துக்கிட்டு அதுலயே பாடம் நடத்தி புத்தகமும் எழுதியிருக்காரு. துருக்கில மாநகராட்சி நிர்வாகம் படிச்ச ஒரு தலமுறையே இவரோட ஸ்டூடன்ட்ஸ். கைடு இத சொல்றப்போ மொகத்துல ஒரு பெருமை, நியாயம் தானே, எங்க ஊரு உங்காளுக்கு எடம் குடுத்துச்சு, அப்புறம் எங்க தாத்தா உங்க ஊருக்கு வந்தாருன்னு ஒரு வரில சொல்லிட்டு போயிட்டாங்க, இழுக்கல. இழுத்திருந்தா கெட்டிருக்கும்.

அங்க இருந்தப்போ அரசியல் பேசக் கூடாது, துருக்கி போர்ல நடுநிலை, அடைக்கலம் வந்தவன் வாலாட்டினா அவங்களுக்கு பிரச்சன. ஆனாலும் 1943ல கூட இருந்த சில பேராசிரியர்களோட சேந்து ஜெர்மன் விடுதலைக்குன்னு ஒரு சின்ன சங்கம் ஆரம்பிச்சாரு, அமெரிக்காவுல இருந்த எழுத்தாளர் தாமஸ் மானுக்கு, வெளிநாட்ல செதறிக் கெடக்குற நம்மாளுங்களுக்கெல்லாம் நீங்க தலைமை ஏத்துக்கோங்கன்னு கடுதாசி போட்டாரு. அவரு ஒத்துக்கல. போர் முடிஞ்சும் உடனே ஊருக்கு வர முடியல, நேச நாடுங்க பர்மிஷன் குடுக்க ஒரு வருஷத்துக்கு மேல இழுத்தடிச்சாங்க. ஹிட்லர எதுத்து ஓடினவனுக்கே இந்தக் கதி. மொத தாரத்துப் பையன் கேம்பிரிட்ஜ்ல ஒரு குடும்பத்துல வளந்து இங்கிலாந்துலயே கணக்குப் பேராசிரியர் ஆயிட்டாரு, அங்காராவுல வளந்த சின்னவரு எட்ஸார்ட் பின்னாடி டைம்லர் பென்ஸ் கம்பெனிக்கே தலைவர் ஆனாரு. ஒரே வீடு, எங்கெங்க செதறிப் போயிருக்கு பாருங்க.

அண்ணா இந்த எடத்துல என் காதுல, "தம்பி, ஊரை விட்டு வெளிக்கிட்ட சனத்துக்கு ரெண்டு வேலை. ஒண்டு பிழைக்கிறது, மற்றது கடுதாசி எழுதுறது" அப்டின்னாரு. கைடுக்கு அத இங்கிலீஷ்ல சொல்லச் சொன்னேன், வேணாம்னுட்டாரு.

இனி கொற. இவரோட கம்யூனிஸ்ட் காலத்த சுத்தமா முழுங்கிட்டாங்க. மொத உலகப் போர்ல ரஷ்யாகிட்ட கைதியாகி, அங்க ரஷ்ய மொழி கத்துக்கிட்டு, போல்ஷெவிக் ஆகி, அதான் லெனின் கட்சி, 1918ல லெனின் இவர ரஷ்யாவுல வோல்கா ஆத்தங்கரைல குடியிருந்த ஜெர்மன்காரங்களுக்கு கமிசாரா, அதாவது அரசாங்கப் பொறுப்பாளரா, சரடோவ் ஊருக்கு அனுப்பி வெச்சாரு. திரும்ப வந்து ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சிக்கே பொதுச் செயலாளர் ஆகி 1922ல தூக்கி எறியப்பட்டவரு. இது தெரியாம 1947 கதை புரியவே புரியாது. 1947 ஜூன்ல மாநகர சபை இவர மேயரா தேர்ந்தெடுத்தும் சோவியத் தரப்பு வீட்டோ போட்டு உக்கார விடல, லூயிஸ் ஷ்ரோடர்னு ஒரு அம்மா தான் பொறுப்பா பாத்துக்கிட்டாங்க. கட்சிய விட்டுப் போனவன் மேல இருக்குற கோவம் எதிரி மேல கூட இருக்காதுன்றது நம்ம ஊரு அரசியல் பாத்தவனுக்கு சொல்லியா தரணும். நான் கேட்டதுக்கு அப்புறம் தான் ரெண்டு நிமிஷம் சொன்னாங்க. வர்றவங்க குழம்பிடுவாங்கன்னு விட்டுடுறோம்னாங்க. 45 யூரோ குடுத்து நாள் முழுக்க ஒரு மேயரப் பத்தி கேக்க வர்றவன் அதுக்கெல்லாம் குழம்ப மாட்டான்.

ரைக்ஸ்டாக் முன்னாடி, அதான் இப்போ பார்லிமென்ட் இருக்குற எடம், ராய்ட்டரோட 1948 செப்டம்பர் 9 பேச்சு. அப்போ கண்ணாடி டோம்லாம் இல்ல, குண்டு போட்டு இடிஞ்சு நிக்குது, முன்னாடி மூணு லட்சம் பேருக்கு மேல. ஜூன்லருந்து ரோடு, ரயில், தண்ணி வழி எல்லாத்தயும் ரஷ்யா அடச்சாச்சு. உலக மக்களே, அமெரிக்காவுல, இங்கிலாந்துல, ஃபிரான்ஸ்ல, இத்தாலில இருக்குற மக்களே, இந்த ஊரப் பாருங்க, இந்த ஊரயும் இந்த மக்களயும் நீங்க கைவிடக் கூடாது, கைவிடவும் முடியாதுன்னு கேக்குறாரு. ரெக்கார்டிங் போட்டு காட்றாங்க. பாஷை புரியலன்னாலும் கொரல் புரியும். ஆனா ஒரு சின்ன ஸ்பீக்கர்ல, பக்கத்துல நாலு ஸ்கூல் குரூப் கத்திக்கிட்டு இருக்க, அவ்ளோ நேரம் ஓட விட்டா யாருக்கு கேக்கும்? ஹெட்செட் குடுத்தாங்களே அதுலயே போட்டிருக்கலாம், அதுவும் கரகரன்னு இழுத்துச்சு. இத சரி பண்ணிக்கோங்கப்பா.

அங்கருந்து அடிச்சு புடிச்சு ஷோனபெர்க் டவுன் ஹால், ஏன்னா மத்தியானம் 12க்கு மணி அடிக்கும், அத மிஸ் பண்ணக் கூடாது. சுதந்திர மணின்னு பேரு, அமெரிக்காவுலருந்து வந்தது, 1950 அக்டோபர் 24ல ராய்ட்டர் இருக்கப்போ மொத தடவ அடிச்சது. அந்த சத்தம் நல்லா தான் இருந்துச்சு, ஆனா அதுக்காக ஓடின ஓட்டத்துல அண்ணாவுக்கு மூச்சு வாங்கிருச்சு. வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க இத முன்னாடியே சொல்லி வைங்க. கென்னடி 1963ல பேசினதும் இதே டவுன் ஹால் முன்னாடி தான், கூட்டத்துல எல்லாரும் அதுக்குத் தான் ஃபோட்டோ எடுத்தாங்க, பாவம் ராய்ட்டர்.

சாப்பாட்டுக்கு இருவது நிமிஷம், ஒரு கெபாப் கடை. கெபாப் நல்லாருந்துச்சு. டைம் பத்தல.

அப்புறம் டெம்பல்ஹோஃப், பழைய ஏர்போர்ட். ரஷ்யா வழிய அடச்சப்போ விமானத்துல அரிசி பருப்பு இல்ல, பெரும்பாலும் கரி தூக்கிட்டு வந்த கதை. பெர்லினுக்கு மொத்தம் ஏறத்தாழ 2,77,000 தடவ ஃப்ளைட் எறங்கியிருக்கு, 1949 மே 12ல வழி தெறந்தும் ரிஸர்வ் சேக்க இன்னும் சில மாசம் ஓட்டினாங்க. பறந்து செத்தவங்களுக்கு வெச்ச நினைவுத் தூணு ஒண்ணு அங்க நிக்குது, மேல மூணு விரல் மாதிரி வளஞ்சிருக்கும், 1951ல தெறந்தது, பெர்லின்காரங்க அத பசி வாருகோல்னு நக்கலா கூப்புடுவாங்க. இங்க கைடு ஒரு விஷயம் அழுத்தி சொன்னாங்க, எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு. வானத்துலருந்து வந்தது அமெரிக்கா பிரிட்டன் வேலை, ஆனா எறங்கினத யாருக்கு எவ்ளோன்னு பிரிச்சது, கரண்ட் ஒரு நாளைக்கு சில மணி நேரம் தான்னு ஜனங்கள ஒத்துக்க வெச்சது, எந்த மரத்த வெட்டலாம்னு முடிவு பண்ணது, அதெல்லாம் ஊரு நிர்வாகம். கிழக்குப் பக்கம் வந்து பதிஞ்சுக்கோ, ரேஷன் தர்றோம்னு ரஷ்யாக்காரன் கூப்டான், போனது ரொம்ப கொஞ்சம் பேரு. அந்த டிசம்பர்ல நடந்த எலக்ஷன்ல ராய்ட்டர் கட்சிக்கு 64.5 சதவீதம் ஓட்டு. கரண்ட் இல்லாத குளிர்ல ஆளுங்கட்சிக்கு இவ்ளோ ஓட்டு விழுந்தத நான் வேற எங்கயும் கேள்விப்பட்டதில்ல.

கடைசி ஸ்டாப் மரியன்ஃபெல்டே. இதுக்காகவே போலாம். எஸ்2 ரயில்ல தெக்கால போயி கொஞ்ச தூரம் நடக்கணும். 1953 ஏப்ரல் 14ல ஜனாதிபதி ஹாய்ஸ் தெறந்து வெச்ச அகதிகள் வரவேற்பு முகாம், இப்போ மியூசியம், உள்ள போக காசு கெடையாது. 1952ல கிழக்கு ஜெர்மனி தன்னோட மேற்கு எல்லைய முள்வேலி போட்டு மூடினப்புறம் தப்பிக்க மிச்சமிருந்த ஓட்ட பெர்லின் தான், ஒரு ரயில் டிக்கெட் எடுத்தா இந்தப் பக்கம். 1953ல மட்டும் மூணு லட்சத்துக்கும் மேல கெளம்பி வந்தாங்க, பெரும்பாலும் இந்த வழியா. ஊர்லயோ ஏற்கனவே 1950 வாக்குல மூணு லட்சம் பேருக்கு வேல இல்ல. வேற எந்த மேயரா இருந்தாலும் எங்கூருக்கே கஞ்சி இல்ல, கெளம்புன்னு தான் சொல்லியிருப்பான். இவரு ஆளு வர்ற வழிய அடைக்கல, வந்தவங்கள மேற்கு ஜெர்மனி பங்கு போட்டு ஏத்துக்கணும்னு தலைநகர் பான்கிட்ட மல்லுக்கட்டினாரு. முகாம் விசாரணைல பாஸானவங்கள டெம்பல்ஹோஃப்லருந்து ஃப்ளைட்ல தான் அனுப்பினாங்க, ரோட்ல போனா மறுபடி கிழக்கு ஜெர்மனி போலீஸ் கையில மாட்டணும்ல. 1990 வரைக்கும் இந்த முகாம் வழியா போனது 13 லட்சத்து 50 ஆயிரம் பேரு.

உள்ள என்ன நல்லா இருக்குன்னா, முகாம்ல எறங்கினவனுக்கு கையில குடுக்குற சீட்டு. டாக்டர் ஒரு முத்திர, போலீஸ் ஒரு முத்திர, அமெரிக்க பிரிட்டிஷ் ஃபிரெஞ்சு உளவுக்காரங்க ஒவ்வொருத்தரா ஒக்கார வெச்சு கேள்வி, எல்லாம் முடிச்சாத் தான் கமிட்டி முன்னாடி போலாம். 1950ல வந்த சட்டப்படி உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து, இல்லன்னா வேற வழியே இல்லாத காரணம்னு நிரூபிக்கணும். ஆரம்ப வருஷங்கள்ல நெறய பேர ரிஜெக்ட் பண்ணியிருக்காங்க. ரிஜெக்ட் பண்ணா திருப்பி அனுப்ப மாட்டாங்க, ஆனா வேல கெடயாது, வீடு கெடயாது, ஊருக்குள்ளயே சும்மா அலைய வேண்டியது. இத்தனைக்கும் வந்தவனும் ஜெர்மன், கேக்குறவனும் ஜெர்மன், பேசுறதும் ஒரே பாஷை! நீ நிஜமாவே பயந்து வந்தியா, நல்ல சம்பளத்துக்கு வந்தியான்ற கேள்வி இன்னிக்கு டிவில கேக்குற அதே கேள்வி, அச்சு அசலா.

அண்ணா அந்த சீட்டு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு. நான் பக்கத்துல போனப்போ சொல்றாரு, "நாங்கள் மொஸ்கோவால வந்து ஷோனஃபெல்ட்ல இறங்கினனாங்கள் தம்பி. கிழக்குக்காரர் மறிக்கேல்லை. ஃப்ரீட்ரிஷ்ட்ராஸவில ரயிலேறி இங்கால வந்தா, இங்கால ஆக்கள் எல்லையில நிக்கேல்லை. பிறகு தான் விசாரணை. எனக்கும் இப்பிடி ஒரு பேப்பர் தந்தவங்கள்."

ஷோனஃபெல்ட்னா கிழக்கு பெர்லின் ஏர்போர்ட், ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ கிழக்குலருந்து மேற்குக்கு ரயில் மாறுற ஸ்டேஷன். இத நான் முன்னாடி அரகொறயா தான் கேட்டிருந்தேன். விஷயம் என்னன்னா, மேற்கு பெர்லினப் பொறுத்தவரைக்கும் அந்த ஊரு ரெண்டா பிரிஞ்சதா ஒத்துக்கல, அதனால தன் பக்கம் பாஸ்போர்ட் செக்கிங் வெச்சா அது நாட்டு எல்லைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு வெக்கல. அந்த ஓட்ட வழியா 80கள்ல ஈழத்துலருந்து ரஷ்யாவோட ஏரோஃப்ளோட் ஃப்ளைட் புடிச்சு ஆயிரக்கணக்குல வந்தாங்க. 1985 ஜூலைல மேற்கு ஜெர்மனி விசா இல்லாத தமிழர்கள கூட்டிட்டு வர மாட்டோம்னு கிழக்கு ஜெர்மனி ஒத்துக்கிச்சு, அதே சமயத்துல அதுக்கு மேற்கு குடுக்குற வட்டியில்லாக் கடனோட உச்சவரம்பு 85 கோடி மார்க் ஆச்சு. அடுத்த வருஷம் மத்த நாட்டுக்காரங்களுக்கும் அதே கதவு சாத்தியாச்சு. 1953ல யாரு வந்தாலும் வாங்கன்னு எந்த ஓட்டைய பெருமையா தெறந்து வெச்சாங்களோ, அதே ஓட்டைய முப்பது வருஷம் கழிச்சு மேற்கே காசு பேசி அடைச்சிருக்கு, வந்தவன் யாருன்றது மாறினதுனால.

இதான் நான் தலைப்புல சொன்ன ஸ்டாப். ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ ஸ்டேஷன் ரைக்ஸ்டாக்லருந்து நடந்து போற தூரம். டூர் 1953ல சாவோட முடிஞ்சுருது, மெழுகுவத்தி ஃபோட்டோவோட எல்லாரும் கண்ண தொடச்சுக்கிட்டு கெளம்பிடலாம். அகதிய ஏத்துக்கோன்னு சண்ட போட்டவர் பேர்ல டூர் நடத்துறீங்க, அவரு ஊரு அதுக்கப்புறம் என்ன பண்ணுச்சுன்னு பதினஞ்சு நிமிஷம் சேத்தா டூர் கெட்டுப் போயிடாது. கைடுகிட்ட சொன்னேன், அவங்களுக்கு இந்த 85 கதை தெரிஞ்சிருந்துச்சு, கம்பெனி குடுத்த ரூட்ல இல்லன்னாங்க. அண்ணாகிட்ட தனியா நின்னு ரொம்ப நேரம் ஜெர்மன்ல பேசிக்கிட்டு இருந்தாங்க, அது எனக்கு பாதி புரியல.

மியூசியம் வளாகத்துலயே இன்னிக்கும் அகதிகள் தங்குற கட்டடங்க இருக்கு, சின்னப் பசங்க சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. குரூப்ல ஒருத்தர் அதையும் ஃபோட்டோ எடுக்கப் போனாரு, கைடு உடனே நிறுத்திட்டாங்க, இது அவங்க வீடு, எக்ஸிபிஷன் இல்லன்னு. அதுக்கு தனியா ஒரு மார்க் போடலாம்.

மார்க்னா அஞ்சுக்கு நாலு. கைடுக்கு மட்டும்னா அஞ்சு. பசங்கள கூட்டிட்டுப் போகாதீங்க, பத்து வயசுக்கு கீழ இருந்தா செம்ம போர் அடிக்கும், நடையும் ஜாஸ்தி. வரலாறு கொஞ்சம் புடிக்கும்னா, இல்ல வீட்ல 80கள்ல வந்த பெரியவங்க யாராவது இருந்தா, கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. டே டிக்கெட் ஏபி ஜோன் போதும். திங்கக்கெழம புக் பண்ணாதீங்க, மியூசியம் லீவு, அன்னிக்கு வெளிய நின்னே பேசி அனுப்பிடுவாங்களாம். மரியன்ஃபெல்டேல டூர் நாலு மணி வாக்குல முடியும், மியூசியம் ஆறு வரைக்கும் தெறந்திருக்கும், குரூப் கெளம்பினாலும் நீங்க இருந்து நிதானமா பாருங்க, நாங்க அப்டி தான் பண்ணோம்.